ஷரோனுக்குப் பதிலாக ஐந்து நாள்

ஒரு கர்நாடக சங்கீதக் குழு லண்டனில் வந்து இறங்கினால், யாருக்கு என்ன மரியாதை என்பதை அவர்கள் தங்கும் வீட்டை வைத்தே சொல்லிவிடலாம். எங்கள் வித்வான் விம்பிள்டனில் தங்கினார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே ஆடிட்டராகிவிட்ட ஒரு தமிழர் வீடு. அறையோடு சேர்ந்த குளியலறை, ஜன்னலைத் திறந்தால் ரோஜாச் செடி. மிருதங்கம் வாசிக்கும் சேகருக்கு ஸ்ட்ரெதமில் ஒரு சோபா. பக்கவாத்திய வயலின்காரனான எனக்குப் பார்க்கிங் என்ற கிழக்கு லண்டன் பகுதியில், கச்சேரியை ஏற்பாடு செய்த சங்கத்தின் செயலாளரும் இலங்கைத் தமிழருமான ஜெசிந்தா வீட்டில், துணி உலர்த்தும் ஸ்டாண்டும் இஸ்திரி மேசையும் ஏற்கெனவே குடியிருந்த ஒரு சின்ன அறை. நான் மூன்றாவதாகக் குடியேறினேன்.

இரண்டு கச்சேரி. ஒன்று இந்தச் சனிக்கிழமை, மற்றது அடுத்த சனிக்கிழமை. முதல் கச்சேரியில் ஒரு அசம்பாவிதம் நடந்துவிட்டது. வித்வான் ராகம் பாடி முடித்ததும் வயலினுக்கு உரிய முறை வந்தது. வாசித்தேன். கை தட்டினார்கள். அவருக்குத் தட்டியதைவிட இரண்டு விநாடி அதிகமாகத் தட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. வித்வான் என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனால் சங்கீதத்தில் வயதை மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் உட்காருகிறோம் என்பதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

"என்னப்பா ராமநாதா, நேத்து கொஞ்சம் ஓவராப் போச்சு. ஜனங்க உனக்குக் கை தட்டவா வந்தாங்க? அடுத்த சனிக்கிழமை அடக்கி வாசி. அமெரிக்கா விஷயம் அப்புறம் பார்க்கலாம்."

அக்டோபரில் அமெரிக்கா. ஆறு வாரம், பதினான்கு கச்சேரி. திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு மாடிப்படி அதை நம்பித்தான் பாதி கட்டி நிற்கிறது. எங்கள் தொழிலில் "பார்க்கலாம்" என்றால் வேறு ஆளைப் பார்த்தாயிற்று என்று அர்த்தம். 

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடமாக வித்வானுக்கு மூச்சு போதவில்லை. மேல் ஸ்தாயியில் நின்று பாடும்போது பாதியில் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் என் வில் போய் நிற்கும். சபையில் இருப்பவர்களுக்கு அவர் குரலே நீண்டு ஒலிப்பதுபோல இருக்கும். "இந்த வயசிலும் என்ன மூச்சு" என்று பத்திரிகையில் எழுதுவார்கள். அந்த மூச்சு என் வில்லில் கட்டிய குதிரைவால் முடியில் செய்தது என்பது எனக்கும் சேகருக்கும் மட்டும் தெரியும். வித்வானுக்கே மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

வித்வான் அந்த வாரம் ஸ்காட்லாந்துக்கு ஏரி பார்க்கப் போய்விட்டார். நான் இஸ்திரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு மாலை ஜெசிந்தா வீட்டில் சண்டை. அவருடைய மகள் ஷரோனுக்குப் பதினாறு வயது, வயலின் படிக்கிறாள். அவள் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சொன்னார் என்று, ஐரிஷ் நாட்டுப்புற இசைக் கோடைப் பள்ளியில் ஐந்து நாளுக்கு ஜெசிந்தா பணம் கட்டிவிட்டார். ஷரோன் போகமாட்டேன் என்றாள்.

"அங்கே எல்லாரும் தாத்தாக்கள்மா," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "சொறி மாமா," என்றாள்.

ஜெசிந்தாவும் என்னைப் பார்த்தார். மிச்சமிருந்த புட்டை வீணாக்காமல் கிண்ணத்தில் போட்டு மூடுவதுபோல ஒரு பார்வை.

"அண்ணை, நீங்கள் போங்கோவன். கட்டின காசைத் திருப்பித் தரமாட்டினமாம். உங்களிட்டையும் வயலின் இருக்குத்தானே. இஞ்ச சும்மா இருந்து என்ன செய்யப் போறியள்?"

"என் பேர் ஷரோன் இல்லையேம்மா," என்றேன்.

"அதெல்லாம் ஆர் பாக்கினம்? கேட்டா ஓம் எண்டு சொல்லுங்கோ."

உலகத்தில் எந்த ஊரிலும் தமிழர்கள் கட்டிய கட்டணத்தை வீணாக விடமாட்டார்கள். அதற்காக ஐம்பத்தாறு வயது மீசைக்காரனை மகள் பெயரில் பள்ளிக்கூடம் அனுப்பவும் தயங்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை, கில்பேர்ன் பக்கத்தில் ஒரு மாதாகோயில் மண்டபம். வாசலில் இருந்த பெண்மணி பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"நீங்கள் ஷரோனா?"

ஓம் என்றேன். ஆங்கிலேயர்களின் பெரிய குணம், எதைக் கண்டும் ஆச்சரியப்படாமல் இருப்பது. அவர் பேட்ஜை என் ஜிப்பாவில் குத்திவிட்டு, கழிவறை எந்தப் பக்கம் என்று சொன்னார். அந்த ஐந்து நாளும் நான் ஷரோன்தான்.

வயலின் வகுப்பில் பதினோரு பேர், என்னோடு பன்னிரண்டு. ஷரோன் சொன்னது உண்மை. பாதிப் பேர் ஓய்வு பெற்ற பிறகு இசை ஞானம் பெற்றவர்கள். ஆசிரியை நோரா. பதினெட்டு வயதில் அயர்லாந்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்து, முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். இப்போது வாயால் போடுகிறார்.

வட்டமாக நாற்காலிகள். நான் வழக்கப்படி தரையில் உட்கார்ந்து, வலது காலை நீட்டி, கணுக்காலில் வயலின் தலையை ஊன்றினேன்.  நோரா குனிந்து, "ஷரோன், ஏதாவது கீழே விழுந்துவிட்டதா?" என்றார். விளக்கினேன். யாராவது தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று மண்டபத்துக்காரர் ஒருவர் வந்து கேட்டார். கடைசியில் என்னைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டினார்கள். நம் ஊரில் சாலையில் குழி தோண்டினால்கூட இவ்வளவு கவனிப்பு கிடையாது.

பாட்டைக் காகிதத்தில் தரமாட்டேன் என்றார் நோரா. அவர் வாசிப்பார், கேட்டுக் கேட்டுப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் முகம் வாடியது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கேட்டுப் பிடிப்பது என் பிழைப்பு அல்லவா? நோரா ஒரு ரீல் ஆரம்பித்தார். ரீல் என்பது ஆட்டத்துக்கான ஓட்ட மெட்டு. ஆதி தாளத்தில் அடங்கிவிடும். அவர் முதல் அடி வாசித்ததுமே என் வில் அரை மூச்சு பின்னால் தொடர்ந்தது. அவர் திரும்பிய இடத்தில் திரும்பினேன், நின்ற இடத்தில் நிரப்பினேன். பக்கவாத்தியத்தின் உச்சம் அது. தெரியாத பாட்டைத் தெரிந்த மாதிரியே வாசிப்பது.

நோரா நிறுத்தினார். "யாரோ என் பின்னாலேயே வருகிறார்கள்," என்றார். நல்ல இருட்டில் நடந்து போகிறவர் சொல்வதுபோலச் சொன்னார்.

பெருமையாகக் கையைத் தூக்கினேன். அதுதான் என் தொழில் என்றேன். பாடுகிறவர் பின்னாலேயே போவது, முப்பது வருடமாக.

"அப்படியானால் எப்போது கேட்பீர்கள்?"

வில்லின் திருகை இறுக்கினேன்.

"இங்கே ஒரே சட்டம்தான், ஷரோன். தெரியாத பாட்டை வாசிக்கக் கூடாது. பிடிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அதுதான் வாசிக்கிறவருக்கு மரியாதை. பாட்டு உங்களுக்குள் வந்த பிறகு சேர்ந்துகொள்ளுங்கள்."

பதினோரு பேர் முன்னால், அதிலும் வயலின் பிடித்து எட்டு மாதமே ஆன ஒரு பல் டாக்டர் முன்னால், முப்பது வருட வித்வத்தை மடியில் வைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. திருச்சியாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். ஜெசிந்தாவின் கட்டணத்தை நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் தூங்கிவிட்டேன். விழித்தபோது ஸ்டான்மோர். தண்டவாளமே அங்கே முடிகிறது. பெட்டி காலி. ஓட்டுநர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரயிலின் அடுத்த முனைக்கு நடந்துகொண்டிருந்தார். என் வயலின் பெட்டியைப் பார்த்து, "கச்சேரிக்கா?" என்றார்.

"இல்லை, பள்ளிக்கூடத்துக்கு," என்றேன்.

"அப்படியானால் தாமதமாகப் போவது நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு நடந்தார். நம் ஊர் என்றால் நான்கு பேர் கூடி, எங்கிருந்து வருகிறேன், எத்தனை பிள்ளைகள், ஏன் தூங்கினேன், சர்க்கரை இருக்கிறதா என்று விசாரித்திருப்பார்கள்.

வகுப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் தந்தி அறுந்தது. எங்கள் வித்வானின் ஒன்றரைக் கட்டைச் சுருதிக்குத் தளர்ந்து சொகுசாகக் கிடந்த தந்தி அது. இவர்களுடைய சுருதிக்கு ஏற்றியதும் போய்விட்டது. பல் டாக்டர் தன்னிடமிருந்த தந்தியைக் கொடுத்தார், வலியில்லாமல் மாட்டியும் விட்டார். மாட்டிய பிறகும் அன்று முழுவதும் மடியில்தான்.

கேட்டேன். வேறு வழியில்லாமல் கேட்டேன். மத்தியானத்துக்கு மேல் ஒன்று புரிந்தது. முப்பது வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததாக நினைத்தது கேட்பது அல்ல. அடுத்து எங்கே ஓட்டை விழும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாளி பிடித்துக்கொண்டு நிற்கிறவன் மழையைப் பார்ப்பதில்லை. இது எனக்கு வருத்தமாக இருந்தது. அதைவிட, ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் சொல்லித் தெரிய வேண்டியிருந்ததே என்பது அதிக வருத்தமாக இருந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. இந்தச் சங்கீதத்துக்குக் கேன்டீன் கிடையாது. நம் ஊரில் மார்கழிச் சபாக்களில் கீரை வடை நன்றாக இருந்தால் கச்சேரியும் நன்றாக இருந்தது என்பார்கள். இங்கே வெள்ளரிக்காயை ரொட்டிக்கு நடுவே வைத்து, அதற்கு மதிய உணவு என்று பெயரும் வைத்து, முக்கோணமாக வேறு வெட்டியிருந்தார்கள். ஜெசிந்தா எனக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்திருந்தார். புதன்கிழமை நோரா எட்டிப் பார்த்தார். ஒரு வாய் சம்பல் கொடுத்தேன். கண்ணில் நீர் வந்தது, மூக்கு சிவந்தது, இன்னொரு வாய் கேட்டார். அதன் பிறகு தினமும் என் டப்பாவுக்குப் பக்கத்தில்தான் அவர் நாற்காலி.

அவர்தான் பௌரானைப் பற்றி எச்சரித்தார். பௌரான் என்பது ஆட்டுத்தோல் மேளம், ஒரு சின்னக் கட்டையால் அடிப்பது. ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம் என்று நம்புகிறவர்கள் மட்டுமே அதைக் கற்க வருவார்களாம். பக்கத்து அறையில் அப்படி ஒன்பது பேர். அவர்களுக்குத் தலைவர் கிரகாம் என்ற முன்னாள் வருமானவரி அதிகாரி. நிறைய ஆங்கிலேயர்களைப்போல மிகவும் மரியாதையானவர், மேளத்தைக் கையில் எடுக்கும்வரை. அவர் தூரத்தில் வருவது தெரிந்தால் எங்கள் வயலின் வகுப்பினர் மெட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

வியாழக்கிழமை எனக்கு வாசிக்க அனுமதி கிடைத்தது. ரீல் எனக்குள் வந்துவிட்டது என்று நோராவுக்கு எப்படியோ தெரிந்தது. மூன்று நாள் பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்ததுபோல வாசித்தேன். எங்கள் பக்கத்து அசைவுகள், வழுக்கல்கள் எல்லாம் சேர்த்தேன். வகுப்பே வாயைப் பிளந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"அழகு," என்றார் நோரா. "இப்போது அதையே புழு நெளியாமல் வாசியுங்கள்."

நெளியாமல் வாசிக்கப் பதினேழு தடவை ஆயிற்று.

அன்று சாயங்காலம் சேகர் போன் செய்தான். வித்வான் ஏரி பார்த்துத் திரும்பிவிட்டாராம்.

"அமெரிக்காவுக்கு யாரையோ பேசிட்டிருக்காருண்ணே. முடிவா சொல்லல. நாளன்னிக்கு எப்படிப் போகுதுன்னு பார்ப்பாராம். நீங்க கொஞ்சம் அனுசரிச்சு வாசிச்சிடுங்க."

அனுசரித்துத்தான் வாசிப்பேன் என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன். பாதி கட்டிய மாடிப்படி கண்முன் நின்றது.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி முடிந்து, எல்லோரும் பக்கத்துப் பப்புக்குப் போய் வட்டமாக உட்கார்ந்தோம். ஒருவர் மெட்டு ஆரம்பிப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், மூன்று சுற்று, பிறகு அடுத்தவர். மேடை இல்லை, மைக் இல்லை, நடுவில் உட்காருகிறவர் என்று யாரும் இல்லை. பொன்னாடையும் இல்லை. இவர்கள் எப்படிச் சங்கீதத்தை வளர்க்கிறார்கள் என்றே புரியவில்லை.

"ஷரோன், நீங்கள் ஒன்று ஆரம்பியுங்கள்," என்றார் நோரா.

வில்லைத் தூக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ முதலில் பாடுவார்கள் என்று என் கை காத்திருந்தது. முப்பது வருடப் பழக்கம். யாரும் பாடவில்லை. நான் ஆரம்பித்தால்தான் ஆரம்பம் என்பது விளங்க அரை நிமிடம் ஆயிற்று. அந்த அரை நிமிடம் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கற்ற ரீல் மறந்துவிட்டது. கைக்கு வந்தது காம்போதி ராகம். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

கண்ணைத் திறந்தபோது பதினோரு பிடில்களும் மடியில் இருந்தன. யாரும் போன் பார்க்கவில்லை, யாரும் தொடையில் தாளம் தட்டித் தன் ஞானத்தைக் காட்டவில்லை. கிரகாம்கூட மேளத்தை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார். நோரா சொன்னார், அந்தப் பகுதியில் இருபது வருடமாக அப்படி ஒன்று நடந்ததில்லையாம். எனக்கு அழுகை வந்தது. பப்பில் அது சாதாரணம்போல, யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஷரோன் என்று பெயர் எழுதிய சான்றிதழோடு பார்க்கிங் திரும்பினேன். ஜெசிந்தா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு அண்ணை. யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போடேக்க உதவும்."

சனிக்கிழமை மாலை, விம்பிள்டன் பக்கம் ஒரு பள்ளி மண்டபம். முன்வரிசையில் ஆடிட்டரும் அவர் நண்பர்களும். பின்னால் பட்டுச் சேலைகள், அவற்றுக்கு மேல் குளிர் கோட்டுகள். வித்வான் ஏறுவதற்கு முன் என் காதருகே, "ஞாபகம் இருக்கட்டும்பா, அடக்கி," என்றார். தலையாட்டினேன்.

மூன்று கிருதி ஒழுங்காகப் போயிற்று. அடக்கித்தான் வாசித்தேன். அது முடிந்ததும் வித்வான் மைக்கைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு பேசினார்.

"நம்ம ராமநாதன் இந்த வாரம் ஏதோ வெள்ளைக்காரப் பாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வந்திருக்கான். இந்த வயசிலயாவது சங்கீதம் கத்துக்கணும்னு ஆசை வந்திருக்கு. பாராட்டணும்."

மண்டபம் சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தார், பிறகு என்னைப் பார்த்து நிறுத்திவிட்டார். நானும் சிரித்தேன். மேடையில் அதற்கும் பழக்கம் உண்டு.

வித்வான் காம்போதி ஆரம்பித்தார்.

நான் வயலினை எடுத்து மடியில் வைத்தேன். வில்லை அதன்மேல் குறுக்கே வைத்தேன். முகத்தை அவர் பக்கம் திருப்பி, மிக மரியாதையாகக் கேட்க ஆரம்பித்தேன்.

முதல் சங்கதி சரியாகப் போயிற்று. இரண்டாவதில் மேலே ஏறினார், நின்றார், மூச்சு அறுந்தது. வழக்கமாக என் வில் இருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தில் நாலாவது வரிசையில் யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. வித்வான் என்னைப் பார்க்காமல் இன்னொரு முறை ஏறினார். இன்னும் சீக்கிரம் அறுந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பாவமாக இருந்தது. எத்தனை வருடம் அந்தக் குரலோடு போயிருக்கிறேன். இளவயதில் அது எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். ஆனாலும் வில்லை எடுக்கவில்லை.

சேகர் மிருதங்கத்தின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தான். வித்வான் திரும்பி, "என்னப்பா?" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"கேட்டுட்டு இருக்கேன்," என்றேன்.

மூன்றாவது முறை ஏறவே இல்லை, கீழேயே சுற்றினார். மண்டபம் நெளிந்தது. "வாசி," என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "வாசிங்க," என்றார். அவர் தன் பக்கம் இழுத்து வைத்திருந்த மைக், அடுத்ததை மண்டபம் முழுக்கக் கொண்டுபோயிற்று.

"சார். கொஞ்சம் வாசிங்க சார்."

அதன் பிறகுதான் எடுத்தேன். அடக்கித்தான் வாசித்தேன். அவர் நிற்கும் இடத்திலெல்லாம் நின்று, அறுந்த இடத்திலெல்லாம் ஒட்டி, கடைசிவரை அவரைக் கரை சேர்த்தேன். முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மூச்சைப் பற்றி ஆடிட்டர் நன்றியுரையில் தனியாகப் பாராட்டினார்.

அமெரிக்காவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. உறையூரில் மாடிப்படி இன்னும் பாதியில்தான் நிற்கிறது. சாயங்காலங்களில் அதன் கடைசிப் படியில் உட்கார்ந்து, நானே ஆரம்பித்து வாசிக்கிறேன்.